காகிதம் இல்லாத நாளிதழ்

1978 ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை காலை. நிகராகுவாவின் தலைநகரான மனாகுவாவில் 53 வயது மனிதர் ஒருவர் தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். உடன் காவலுக்கு யாரும் இல்லை. 1972 டிசம்பர் நிலநடுக்கத்தில் இடிந்த நகர மையம் அப்போதும் திருப்பிக் கட்டப்படாமல் கிடந்தது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே இன்னொரு வண்டி அவரை மறித்தது. வேட்டைத் துப்பாக்கியால் சுட்டார்கள். இறந்தவர் பெத்ரோ ஹோவாகின் சாமோரோ, 'லா பிரென்சா' நாளிதழின் ஆசிரியர். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குப் 'பத்திரிகை' என்றே பொருள்.

அப்போது நாட்டை ஆண்டவர் அனஸ்தாசியோ சொமோசா. தந்தை, மூத்த மகன், இளைய மகன் என்று ஒரே குடும்பம் 1936 முதல் அந்த நாட்டைக் கையில் வைத்திருந்தது. ஏழைகளிடம் மலிவாக ரத்தம் வாங்கி, அதிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த ஒரு நிறுவனத்தைப் பற்றி லா பிரென்சா தொடர்ந்து எழுதிவந்தது. ஆசிரியர் கொல்லப்பட்ட செய்தி பரவியதும் கூட்டம் அந்த நிறுவனத்துக்குத் தீ வைத்தது. இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் வணிகர்களே கடைகளை அடைத்து நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதுவரை ஆட்சியோடு ஒத்துப்போன நடுத்தர வர்க்கம் அன்றோடு அதைக் கைவிட்டது. பதினெட்டு மாதம் கழித்து, 1979 ஜூலை 17 அன்று, சொமோசா நாட்டை விட்டு ஓடினார். ஒரு பத்திரிகை ஆசிரியரின் கொலை ஓர் ஆட்சியைச் சாய்த்தது என்று சொன்னால் மிகை ஆகலாம். ஆனால் அந்தக் கொலைக்குப் பிறகு அந்த ஆட்சி நிமிரவே இல்லை என்பது உண்மை.

அந்த மண்ணில் ஒரு பத்திரிகைக்கு அன்று என்ன செய்தார்கள், இன்று என்ன செய்கிறார்கள் என்பதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சில காலமாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. ஒரே பத்திரிகை, ஒரே நகரம். பாத்திரங்களிலும் பலர் அதே ஆட்கள்தாம்.

லா பிரென்சா 1926 மார்ச் 2 அன்று தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் சாமோரோ குடும்பத்தின் கைக்கு வந்தது. 1944இல் மூத்த சொமோசா அதை மூடினார். தம் தந்தை இறந்தபின் 1952இல் பெத்ரோ ஹோவாகின் ஆசிரியரானார். அதன்பின் அவர் வாழ்க்கை அச்சகத்துக்கும் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் இடையே கழிந்தது. அவர் பேனாவை மட்டும் நம்பியவர் அல்லர். 1959இல் கோஸ்டா ரிக்காவிலிருந்து ஆயுதம் தாங்கிய சிறு படையோடு வந்திறங்கிப் பிடிபட்டு, தேசத்துரோக வழக்கில் சிறை போனவர். வெளியே வந்ததும் மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார்.

1974 டிசம்பரில் நெருக்கடி நிலை வந்தது. 1977 செப்டம்பர் வரை, மூன்று ஆண்டுக்குச் சற்றே குறைவான காலம், அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கமும் தணிக்கை அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டியிருந்தது. கொலைக்குப் பிறகும் இதழ் நிற்கவில்லை. அதனால் 1979 ஜூனில், ஆட்சி கவிழ்வதற்குச் சில வாரங்களே இருந்தபோது, தேசியக் காவல் படை அதன் அச்சகத்தையே தாக்கி எரித்தது. மூடுவது, பிடித்து உள்ளே போடுவது, வெட்டுவது, சுடுவது, எரிப்பது. சொமோசாக்களின் முறைகள் இவ்வளவுதான். எல்லாம் முரட்டு முறைகள், எல்லாம் ஊர் பார்க்க நடந்தவை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஓர் ஒப்புதல் இருந்தது. இந்தத் தாளில் அச்சாவதை மக்கள் படிக்கிறார்கள், படித்தால் நம்புகிறார்கள் என்ற பயம் ஆண்டவர்களுக்கு இருந்தது.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960களின் கடைசியில் லா பிரென்சா அலுவலகத்தில் செயலாளராக ஓர் இளம்பெண் சேர்ந்தார். ஆசிரியர் சாமோரோவுக்கும், அவரோடு இதழை நடத்திய கவிஞர் பாப்லோ அந்தோனியோ குவாத்ராவுக்கும் செயலாளர் அவர்தான். தாமும் கவிதை எழுதுவார். பிறகு, சொமோசா ஆட்சியை எதிர்த்த சாந்தினிஸ்டா புரட்சி இயக்கத்தில் சேர்ந்தார். தணிக்கை என்றால் என்ன, ஒரு பக்கம் எப்படி உருவாகிறது, காகிதம் தீர்ந்தால் ஒரு நாளிதழுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தே பார்த்தவர். அவர் பெயர் ரொசாரியோ முரியோ.

புரட்சி வென்றது. எரிந்த அச்சகத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் அடித்து, 1979 ஆகஸ்டில் லா பிரென்சா மீண்டும் வெளிவந்தது. கொல்லப்பட்டவரின் மனைவி வியோலெட்டா சாமோரோ ஐந்து பேர் கொண்ட புதிய ஆட்சிக் குழுவில் ஓர் உறுப்பினர். அதே குழுவில் இன்னொருவர், சொமோசாவின் சிறையில் ஏழாண்டு கழித்த சாந்தினிஸ்டா தலைவர் தானியேல் ஒர்த்தேகா. ஓர் ஆண்டுகூட முடியவில்லை, 1980 ஏப்ரலில் வியோலெட்டா வெளியேறினார். புரட்சியை ஆதரிப்பதா, விமர்சிப்பதா என்று பத்திரிகையும் பிளந்தது. கொல்லப்பட்டவரின் தம்பி ஹாவியேர் ஊழியர்களில் பெரும்பகுதியை அழைத்துக்கொண்டு போய் 'எல் நுவேவோ தியாரியோ' என்ற புதிய நாளிதழைத் தொடங்கினார். ஆளும் கட்சியின் நாளிதழ் 'பார்ரிகாதா'. அதை நடத்தியவர் கொல்லப்பட்டவரின் இளைய மகன் கார்லோஸ் ஃபெர்னாண்டோ.

ஆக 1980களில் மனாகுவாவில் மூன்று நாளிதழ்கள். மூன்றிலும் தலைமையில் ஒரு சாமோரோ. ஒன்று அரசைத் திட்டும், ஒன்று அரசைப் புகழும், இன்னொன்று நடுவில் நின்று ஆதரிக்கும். மூத்த மகன் லா பிரென்சா பக்கம் நின்று பிறகு நாட்டை விட்டே போனார். ஒரு மகள் புரட்சி அரசின் தூதர். இன்னொரு மகள் கிறிஸ்தியானா தாயோடு லா பிரென்சாவில். பிள்ளைகள் தாய் வீட்டில் கூடிச் சாப்பிடும்போது அரசியல் பேசக் கூடாது என்பது வியோலெட்டா போட்ட சட்டம். ஒரு நாட்டின் விவாதம் முழுக்க ஒரு சாப்பாட்டு மேசைக்குள் அடங்கியிருந்த காலம் அது.

ஆனால் அரசு அந்த மேசையைப் போல் இல்லை. அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்த 'கொன்ட்ரா' படை எல்லையில் போரிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் போரைக் காரணம் காட்டி 1982 மார்ச்சில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். தணிக்கை திரும்பி வந்தது. சொமோசாவின் காலத்தில் போலவே பக்கங்கள் உள்துறை அமைச்சகத்துக்குப் போயின, சிவப்புக் கோடுகளோடு திரும்பின. வெட்டியது போக மிஞ்சியதில் ஓர் இதழ் தேறாது என்ற நாட்களில் பத்திரிகை வெளிவரவே இல்லை. அமெரிக்கப் பணம் வாங்கும் பத்திரிகை என்று அரசு குற்றம் சாட்டியது. அமெரிக்க நிதியில் இயங்கிய ஜனநாயக அறக்கட்டளையிடமிருந்து லா பிரென்சாவுக்கு உதவி வந்ததும் உண்மையே. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது சரியல்ல. அந்த உதவி சரியா தவறா என்பதை வாசகர் தீர்மானித்திருக்கலாம், அதற்காகத்தானே பத்திரிகை. 1986 ஜூன் 25 அன்று கொன்ட்ராக்களுக்குப் பத்துக் கோடி டாலர் தர அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. மறுநாள் லா பிரென்சா காலவரையின்றி மூடப்பட்டது.

பதினைந்து மாதம் கழித்து, 1987 அக்டோபர் 1 அன்று, மத்திய அமெரிக்க நாடுகள் செய்துகொண்ட அமைதி உடன்பாட்டின் பேரில் அது திறந்தது. மூடியவர்கள்தாம் திறந்தார்கள், அதே கட்டடத்தில், அதே எந்திரத்தில், அதே பெயரில். இந்தச் செய்தியை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியதைத் திறக்க முடிந்த காலம் அது.

1990 பிப்ரவரி தேர்தலில் வியோலெட்டா ஏறக்குறைய 55 சதவீத வாக்குகள் பெற்று, அப்போது ஆட்சியில் இருந்த ஒர்த்தேகாவைத் தோற்கடித்தார். ஒர்த்தேகா தோல்வியை ஏற்று ஆட்சியைக் கொடுத்தார். அதற்கடுத்த பதினேழு ஆண்டுகளில் நிகராகுவாவில் பத்திரிகைகள் அமைச்சர்களின் ஊழலை எழுதின, ஒரு முன்னாள் அதிபர் சிறை போகும் அளவுக்கு எழுதின. பார்ரிகாதா 1998இல் பணமில்லாமல் நின்றது. அதை முன்பு நடத்திய கார்லோஸ் ஃபெர்னாண்டோ கட்சியிலிருந்து விலகி 'கொன்ஃபிதென்சியால்' என்ற தன்னிச்சையான வார இதழைத் தொடங்கியிருந்தார். நல்ல காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. போக்குவரத்து விளக்குச் சந்திப்புகளில் பத்திரிகைக் கட்டோடு பையன்கள் கார்களுக்கு நடுவே ஓடினார்கள். காலையில் காசு கொடுத்தால் கையில் தாள் வந்தது.

2006இல் ஒர்த்தேகா மீண்டும் வென்றார். 2007 ஜனவரி 10 அன்று பதவியேற்றார். சாமோரோ கொல்லப்பட்டு அன்றைக்குச் சரியாக 29 ஆண்டு. ஒர்த்தேகாவின் மனைவி ரொசாரியோ முரியோ அரசின் செய்தித் தொடர்பு முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

இம்முறை தணிக்கை அதிகாரி வரவில்லை. யாரும் பக்கங்களைக் கேட்கவில்லை. எதையும் வெட்டவில்லை. அரசு விளம்பரம் மட்டும் நின்றது. அதிபர் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்துவதை விட்டுவிட்டார். அமைச்சகங்களின் வாசலில் லா பிரென்சா நிருபரிடம் பேச அதிகாரிகளுக்கு அனுமதி இல்லை. அரசின் செய்தி அரசின் ஊடகத்தின் வழியாக மட்டும், கலப்படமின்றி, மக்களுக்குப் போக வேண்டும் என்பது முரியோவின் கொள்கை. தொலைக்காட்சி அலைவரிசைகள் ஒவ்வொன்றாக ஒர்த்தேகாவின் பிள்ளைகள் நிர்வாகத்துக்கு வந்தன. அன்றைய அரசு பத்திரிகையை வரிவரியாகப் படித்தது. இன்றைய அரசு அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. 2012இல் ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை உள்ள நாடாளுமன்றம் பெத்ரோ ஹோவாகின் சாமோரோவைத் தேசிய வீரராகக்கூட அறிவித்தது. இறந்த ஆசிரியருக்கு மரியாதை தரப்பட்டது, அவருடைய பத்திரிகைக்கு விளம்பரம் தரப்படவில்லை.

2018 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்பு நிதிச் சீர்திருத்தத்தை எதிர்த்து முதியவர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். சில மாதங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 21 அன்று கரீபியன் கடற்கரை நகரான புளூஃபீல்ட்ஸில் ஆங்கெல் கயோனா என்ற நிருபர் கைபேசியில் நேரலையாகப் பேசிக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டு விழுந்தார். டிசம்பரில் கொன்ஃபிதென்சியால் அலுவலகத்துக்குள் இரவில் போலீஸ் புகுந்தது. ஒரு வாரம் கழித்து '100 சதவீதம் நோட்டீசியாஸ்' என்ற செய்தித் தொலைக்காட்சி மூடப்பட்டு, அதன் இயக்குநரும் செய்தித் தலைவரும் சிறைக்குப் போனார்கள்.

லா பிரென்சாவுக்கு வந்தது வேறு விதமான கேடு. அது சுங்கத்துறை வழியாக வந்தது.

நிகராகுவாவில் செய்தித்தாள் காகிதம் தயாராவதில்லை. சுருள் சுருளாகக் கப்பலில் வர வேண்டும். மையும், அச்சுத்தகடும், எந்திரத்தின் ரப்பர் உறைகளும் அப்படியே. அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 68ஆம் பிரிவு, ஊடகங்களுக்கு வரும் காகிதத்துக்கும் எந்திரங்களுக்கும் எந்த வரியும் கிடையாது என்றே சொல்லியிருந்தது. அவ்வளவு மதிப்பு கொடுத்து எழுதப்பட்ட சாசனம். 2018இன் பிற்பகுதியில் லா பிரென்சாவுக்கு வந்த சரக்கு துறைமுகத்திலிருந்து சுங்கக் கிடங்குக்குப் போனது. அங்கிருந்து வெளியே வரவில்லை. மறுப்பு ஆணை ஏதும் இல்லை. காரணம் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. தடை என்று ஒரு காகிதம் இருந்தால்தானே அதை நீதிமன்றத்தில் வைத்து வாதாட முடியும்?

ஒரு நாளிதழ் காகிதப் பஞ்சத்தில் எப்படி மெலிகிறது என்பதைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். முதலில் இணைப்பிதழ்கள் போகும். பிறகு விளையாட்டுப் பக்கம் ஒன்று, வட்டாரச் செய்தி ஒன்று. கிடங்கில் நிற்கும் சுருள்களை எண்ணி, நாளுக்கு இத்தனை பக்கம் போட்டால் இத்தனை வாரம் ஓடும் என்று கணக்குப் போடுவார்கள். செய்தி ஆசிரியர் எதைப் போடலாம் என்பதற்கு முன்னால் எவ்வளவு போடலாம் என்று கேட்க ஆரம்பிப்பார். சொமோசாவின் தணிக்கை அதிகாரி வெட்டினால் எந்த வரி வெட்டுப்பட்டது என்று ஆசிரியருக்குத் தெரியும், கோபப்படலாம். இங்கே வெட்டும் கத்தியை ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களோடு வந்த லா பிரென்சா எட்டுப் பக்கமாகச் சுருங்கியது.

2019 ஜனவரி 18 அன்று அது முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. செய்தி இல்லை, படம் இல்லை. தகவலே இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்த்ததுண்டா என்று வாசகரைக் கேட்கும் ஒரு வரி மட்டும். அந்தப் பக்கத்தின் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மிச்சமிருந்த சொற்பக் காகிதத்தில் ஒரு முழுப் பக்கத்தை எதுவும் அச்சிடாமல் விட அவர்கள் எப்படித் துணிந்தார்கள் என்பதுதான் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்துகிறது. சமைக்க ஒரு படி அரிசி இருக்கும் வீட்டில் அதில் பாதியை எடுத்து வாசலில் கோலமாக இடுவது போன்ற செயல் அது.

எல்லாருக்கும் அந்தத் தெம்பு இல்லை. 1980இல் ஹாவியேர் சாமோரோ தொடங்கிய எல் நுவேவோ தியாரியோ, புரட்சியை ஆதரிப்பதற்காகவே பிறந்த நாளிதழ், 2019 செப்டம்பர் 27 அன்று பொருளாதாரச் சூழலைச் சொல்லி நின்றது. அதன் 39 ஆண்டு ஆயுளில் சொமோசா இல்லை. அதைச் சாய்த்தது அது வரவேற்ற புரட்சியின் அரசு.

2020 பிப்ரவரியில், போப்பாண்டவரின் தூதர் தலையிட்ட பிறகு, லா பிரென்சாவின் காகிதம் விடுவிக்கப்பட்டது. 500 நாட்களுக்கு மேல் கிடங்கில் கிடந்த 90 டன்னுக்கு மேற்பட்ட காகிதம். வந்த காகிதம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான் ஓடியது. அதற்குள் வெளிநாட்டு முகவர்கள் சட்டமும் 'பொய்ச் செய்தி'க்குச் சிறை விதிக்கும் இணையக் குற்றச் சட்டமும் 2020 அக்டோபரில் நிறைவேறியிருந்தன. 2021இல் புதிதாக வந்த காகிதத்தையும் சுங்கம் விடவில்லை. ஆகஸ்ட் 12 அன்று, இனி அச்சிடக் காகிதம் இல்லை என்று லா பிரென்சா அறிவித்தது. மறுநாள் கலவரத் தடுப்புப் போலீஸ் கட்டடத்தைச் சூழ்ந்தது. அரசு ஊடகங்கள் கிடங்கில் நின்ற சில சுருள்களைப் படம்பிடித்துக் காட்டி, காகிதம் இருக்கிறதே என்றன. அது வெளியாருக்குச் செய்யும் அச்சு வேலைக்கான காகிதம் என்றது நிர்வாகம். அன்று இரவே பொது மேலாளர் ஹுவான் லொரென்சோ ஹோல்மன் கைதானார். சுங்க மோசடி, பணமோசடி என்று வழக்கு. காகிதத்தைப் பிடித்து வைத்த துறையின் பெயராலேயே குற்றச்சாட்டும் வந்தது.

ஹோல்மன் கொல்லப்பட்ட ஆசிரியரின் சகோதரி மகன். ஒன்பதாண்டுத் தண்டனை. ஆசிரியரின் மகள் கிறிஸ்தியானா அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நிற்க முன்வந்தவர். வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு எட்டாண்டுத் தண்டனை பெற்றார். தந்தையின் பெயரையே கொண்ட மூத்த மகன் பெத்ரோ ஹோவாகினுக்கு ஒன்பதாண்டு. இளைய மகன் கார்லோஸ் ஃபெர்னாண்டோ கைதாவதற்கு முன் எல்லை தாண்டினார். 1980களில் எதிரெதிர்ப் பத்திரிகைகளில் இருந்த பிள்ளைகள் நாற்பது ஆண்டு கழித்து ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள்.

2022 ஜூலையில் நடந்தது நமக்குச் சற்றே நெருக்கமானது. கொல்கத்தாவில் அன்னை தெரசா தொடங்கிய அறப்பணிச் சபையின் சகோதரிகள் 1988 முதல் நிகராகுவாவில் முதியோர் இல்லமும் குழந்தைகள் காப்பகமும் நடத்திவந்தார்கள். அவர்களின் அமைப்பைச் சட்டப்படி கலைத்த அரசு, ஜூலை 6 அன்று 18 சகோதரிகளைப் பேருந்தில் ஏற்றிக் கோஸ்டா ரிக்கா எல்லையில் விட்டது. அச்சு நின்றபின் இணையத்தில் மட்டும் வந்துகொண்டிருந்த லா பிரென்சா அந்தச் செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. உடனே செய்தியாளர்களின் வீடுகளுக்குப் போலீஸ் போனது. அந்தச் செய்திக்குப் போன வண்டிகளின் ஓட்டுநர்கள் இருவர் கைதானார்கள். எழுதியவரும் அல்லர், படம் எடுத்தவரும் அல்லர், ஓட்டுநர்கள். இரண்டு வாரத்தில் லா பிரென்சாவின் மிச்ச ஊழியர்கள் அனைவரும் எல்லை தாண்டிவிட்டதாகப் பத்திரிகை அறிவித்தது. சிலர் காட்டுப் பாதையில் நடந்து போனார்கள்.

அடுத்த மாதம், வடக்கு நெடுஞ்சாலையில் தான் கைப்பற்றி வைத்திருந்த லா பிரென்சா கட்டடத்தில் அரசு ஒரு கலாச்சார மையத்தையும் தொழிற்பயிற்சி நிலையத்தையும் அறிவித்தது. அதற்கு ஒரு பழம்பெரும் கவிஞரின் பெயரை வைத்தார்கள். 1979இல் சொமோசாவின் படை அந்த இதழின் அச்சகத்தை எரித்தபோது சாம்பலாவது மிஞ்சியது. 2022இல் கட்டடம் அப்படியே நிற்கிறது, விளக்கு எரிகிறது, பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படிப்பு நல்லதுதான். ஆனால் உரிமையாளருக்கு இழப்பீடு இல்லை, திரும்பத் தருவதற்குப் பேச்சும் இல்லை.

2023 பிப்ரவரி 9 அன்று சிறையிலிருந்து 222 பேரை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 545 நாள் சிறையிலிருந்த ஹோல்மனும், கிறிஸ்தியானாவும், அவர் அண்ணனும், அந்த ஓட்டுநர்களும் அதில் இருந்தார்கள். விமானம் பறந்துகொண்டிருந்தபோதே அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஆறு நாள் கழித்து இன்னும் 94 பேரின் குடியுரிமை போனது. கார்லோஸ் ஃபெர்னாண்டோவும், ஒர்த்தேகாவின் முதல் ஆட்சியில் துணை அதிபராக இருந்த எழுத்தாளர் செர்ஹியோ ராமிரெஸும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சொமோசா நாடுகடத்தினார், ஆனால் நாடுகடத்தப்பட்டவன் அந்த நாட்டுக்காரனாகவே இருந்தான். 1980களின் சாந்தினிஸ்டாக்கள் பத்திரிகையை மூடினார்கள், ஆனால் நடத்தியவர்களில் பலர் ஊரிலேயே இருந்தார்கள். அதனால் திறக்கவும் முடிந்தது.

எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2018இல் நிகராகுவா 180 நாடுகளில் 90ஆம் இடத்தில், சரிபாதியில், இருந்தது. 2025இல் 172ஆம் இடம். 250க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். 1980களில் போர் நடுவிலும் மூன்று நாளிதழ்கள் வந்த தலைநகரில் லா பிரென்சா அச்சு நின்றபின் அன்றாடம் கையில் வாங்கிப் படிக்க ஒரு தேசிய நாளிதழ்கூட இல்லை.

லா பிரென்சா இன்றும் வருகிறது, இணையத்தில். நாட்டின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள் கொண்ட இணைய முகவரியையும் அரசு பறித்துவிட்டதால் வேறு முகவரியில். கிடைத்தது என்ன என்று நேர்மையாகக் கணக்கெடுத்தால் சிறிதல்ல. இன்று அதை எந்தச் சுங்கக் கிடங்கும் நிறுத்த முடியாது. எழுதியதில் ஒரு வரியும் வெட்டுப்படுவதில்லை. அன்று மாலைப் பதிப்புக்காகக் காத்திருந்த செய்தி இன்று நிமிடத்தில் சான் ஹோசேயிலும் மயாமியிலும் மாட்ரிட்டிலும் சிதறிக் கிடக்கும் நிகராகுவர்களின் கையில் போய்ச் சேர்கிறது. 2025 மே மாதம் யுனெஸ்கோ தன் உலகப் பத்திரிகைச் சுதந்திர விருதை லா பிரென்சாவுக்கு அறிவித்தது. அதைக் கண்டித்து நிகராகுவா யுனெஸ்கோவிலிருந்தே விலகியது. இருப்பதாகவே தான் காட்டிக்கொள்ளாத பத்திரிகை இன்னும் உறைக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

இழந்ததைக் கணக்கெடுப்பது கடினம். செய்திகளின் தலையில் இப்போது பெரும்பாலும் நிருபரின் பெயர் இல்லை. ஊரில் இருக்கும் தாய் தந்தைக்கு ஆபத்து வரக் கூடாதே என்று எழுதியவர்கள் தம் பெயரைத் தாமே எடுத்துவிட்டார்கள். தகவல் தருபவரின் பெயரும் இல்லை. பெத்ரோ ஹோவாகின் சாமோரோ தம் பெயரை முதல் பக்கத்தில் போட்டு எழுதினார், அதற்காகச் செத்தார், அந்தப் பெயருக்காக ஊர் திரண்டது. பெயரில்லாத செய்திக்கு ஊர் எப்படித் திரளும்? அன்று பேருந்தில் ஒருவர் விரித்த தாளை நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். இன்று மனாகுவாவில் அதே செய்தியை ஒருவர் கைபேசியில் தனியாகப் படிக்கிறார், படித்துவிட்டு அழிக்கிறார், அடுத்தவருக்கு அனுப்பத் தயங்குகிறார். பகிர்ந்தாலும் வழக்கு வரலாம். நிருபரின் கண் ஊரில் இல்லை. சந்தையில் வெங்காய விலையும், மருத்துவமனையில் மருந்து இல்லாததும், பள்ளிக்கூடச் சுவர் இடிந்ததும் எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் விசாரித்து எழுதப்படுகின்றன. எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் தம் ஊரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறார்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாகப் படுகிறது. எரிந்த அச்சகத்தை மறுபடி கட்டிவிடலாம்.

2025 முதல் நிகராகுவாவின் சாசனம் இரண்டு இணை அதிபர்கள் என்று சொல்கிறது. ஒருவர் தானியேல் ஒர்த்தேகா. இன்னொருவர் ரொசாரியோ முரியோ.

2026 மார்ச் 2 அன்று லா பிரென்சாவுக்கு நூறு வயது நிறைந்தது. அதைக் கொண்டாடத் தன் நாட்டில் அதற்கு ஓர் அறைகூட இல்லை. வியோலெட்டா சாமோரோ அதைப் பார்க்கவில்லை. 2025 ஜூன் 14 அன்று தமது 95ஆம் வயதில் கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசே நகரில் அவர் காலமானார். நிகராகுவா மீண்டும் குடியரசாகும் வரை அவரை அங்கேயே தற்காலிகமாக வைத்திருப்பதாகப் பிள்ளைகள் அறிவித்தார்கள். அவருடைய கணவரின் கல்லறை மனாகுவாவில் இருக்கிறது.